வாடிக்கையாளர்கள் எங்கே போனார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உடம்புப்பிடி (மசாஜ்) நிலையங்களில் விபச்சாரத்தைப் பிடிக்க நடக்கும் சோதனைகளைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பிடிபட்ட பெண்கள் எத்தனை பேர், எந்த நாட்டினர், என்ன வயது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும்; அவர்களிடம் போன ஆண்கள் எத்தனை பேர், என்ன ஆனார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது.

சில மாதங்களுக்கு முன், எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே உள்ள கடைவரிசையில் அப்படியொரு சோதனையை நேரில் பார்த்தேன். பெண்களை அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள நடைபாதையில், வரிசையாகக் குந்த வைத்திருந்தார்கள். ஒருத்தி தலையணை உறையால் முகத்தை மூடியிருந்தாள்; அவள் காலில் ஒற்றைச் செருப்புத்தான் இருந்தது. உள்ளே இருந்த ஆண்களோ அடையாள அட்டையைக் காட்டி, ஏதோ தாளில் கையெழுத்திட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒருவர் உள்ளேயே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ரொட்டி சானாய் வாங்கக் கடையில் நின்றபோது, பக்கத்து மேசையில் இதே பேச்சு. “அதுங்க விரும்பித்தானே வருதுங்க, காசு குடுத்தாச்சு, அப்புறம் என்ன?” என்றார் ஒருவர். பல ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அந்த ‘அதுங்க’தான் எனக்கு முதலில் உறுத்தியது. வளர்ந்த பெண்களைக் குறிக்க அவருக்கு ‘அவங்க’ என்று வாயில் வரவில்லை. உயர்திணை அஃறிணையானது அங்கே யாருக்கும் வித்தியாசமாகப் படவும் இல்லை.

இது அந்த ஒரு மனிதரின் நாக்குப் பழக்கம் மட்டுமன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், காசு கொடுத்துப் பெண்களிடம் போகும் 101 ஆண்களையும் போகாத 101 ஆண்களையும் விசாரித்து, மெலிசா ஃபார்லியும் அவர் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், போகிறவர்களுக்கு அப்பெண்கள் மீது இரக்கம் குறைவு என்பதும், அவர்களை மற்றப் பெண்களிலிருந்து பிறவியிலேயே வேறுபட்டவர்களாக எண்ணும் போக்கு அதிகம் என்பதும் தெரியவந்தன. இத்தனைக்கும், அப்பெண்களில் பெரும்பாலோர் ஏமாற்றியோ கடத்தியோ கொண்டுவரப்பட்டவர்கள் என்று அந்த ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தெரிந்தேதான் போகிறார்கள். எது உங்களைத் தடுக்கும் என்று கேட்டதற்கு, பெயர் வெளியே வருவதையும் சிறையையும் அவர்களே சொன்னார்கள்.

நம் மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 372 முதல் 373 வரையிலான பிரிவுகள் தரகர்களையும் விடுதி நடத்துபவர்களையும் பிடிக்கின்றன. 372பி பிரிவின்கீழ் விபச்சாரத்துக்கு அழைப்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. வெளிநாட்டுப் பெண் என்றால் குடிநுழைவுச் சட்டமும் பாயும். ஆனால் காசு கொடுத்துப் போவதே குற்றம் என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு இல்லை. ஆங்கிலேயர் 1870-இல் நீரிணைக் குடியேற்றங்களில் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) பால்வினை நோய்களைத் தடுக்கக் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டமும் பெண்களைத்தான் மருத்துவச் சோதனைக்கு இழுத்தது. வந்துபோன ஆண்களைத் தொடவில்லை.

ஸ்வீடன் 1999-இல் இதைத் திருப்பிப் போட்டது. அங்கே உடலை விற்பவர் குற்றவாளி அல்லர், வாங்குபவரே குற்றவாளி. தெருவோர விபச்சாரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2010-இல் அரசு விசாரணை கூறியது. பிரான்ஸ் 2016-இல் வாங்குபவருக்கு 1,500 யூரோ வரை அபராதம் விதித்ததோடு, இத்தொழிலிலிருந்து வெளியேற விரும்பும் பெண்களுக்கு உதவவும் அதே சட்டத்தில் வழி செய்தது. இத்தகைய சட்டம் பெண்களை இருட்டுக்குள் தள்ளிவிடும் என்று அனைத்துலகப் பொதுமன்னிப்புச் சபை உட்படப் பலர் வாதிடுகின்றனர். 2003-இல் நியூசிலாந்து விபச்சாரத்தையே குற்றமற்றதாக்கியது. பெண்கள் இருட்டுக்குள் தள்ளப்படுவார்கள் என்ற அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆயினும், பெண்ணைத் தண்டிக்கக் கூடாது என்பதில் இரு சாராருமே ஒத்துப்போகும்போது, நாம் இன்னும் பெண்ணை மட்டுமே அஞ்சடியில் குந்த வைத்துக்கொண்டிருப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். செய்தியை மாற்றத் தாங்கள் போதும். ‘அழகிகள் கைது’ என்ற தலைப்புகளைக் கைவிடுங்கள். முகத்தை மூடிக்கொண்டிருக்கும் பெண்களின் படங்களைப் போடாதீர்கள். அங்கிருந்த ஆண்கள் எத்தனை பேர், அவர்கள் மீது என்ன நடவடிக்கை என்று ஒவ்வொரு முறையும் அதிகாரிகளைக் கேட்கத் தங்கள் செய்தியாளர்களிடம் சொல்லுங்கள். பதில் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஜார்ஜ்டவுன், பினாங்கு