நிதியமைச்சராக ஒகோன்ஜோ-இவேலா

ஆசிரியருக்கு வணக்கம்.

உலக வர்த்தக அமைப்பு பற்றிய செய்திகளில் எங்கோசி ஒகோன்ஜோ-இவேலாவை 'முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 2021-ல் அந்த அமைப்பின் தலைமை இயக்குநர் பதவிக்கு வந்தது சரி. ஆனால் நைஜீரியாவின் நிதியமைச்சராக அவர் செய்ததுதான் பெரிய கதை.

உலக வங்கியில் வேலை பார்த்த அவரை 2003-ல் அதிபர் ஒபசான்ஜோ நிதியமைச்சராக நாட்டுக்கு அழைத்து வந்தார். கடன் கொடுத்த நாடுகளின் குழுவான பாரிஸ் கிளப்பிடம் நைஜீரியாவுக்கு சுமார் 3,000 கோடி டாலர் கடன். 2005-ல் ஒகோன்ஜோ-இவேலா பேசிப் பேசியே அதில் 1,800 கோடியைத் தள்ளுபடி செய்ய வைத்தார். மீதிக்கு 1,200 கோடியைக் கட்ட வேண்டியிருந்ததை உள்ளூரில் குறை சொன்னவர்களும் உண்டு. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் மாதாமாதம் எவ்வளவு பணம் கொடுக்கிறது என்பதைச் செய்தித்தாள்களில் வெளியிட வைத்தார். மாநில ஆட்சியை நடத்தும் ஆளுநர்களுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? 'எங்கள் ஊருக்கு வந்த காசு எங்கே?' என்று யாரும் கேட்கலாமே!

அப்புறம் மீண்டும் உலக வங்கி. 2011-ல் மறுபடி நிதியமைச்சர். எரிபொருள் மானிய மோசடியில் கைவைத்த நேரம், 2012 டிசம்பரில் 80 வயதைத் தாண்டிய அவருடைய தாயைக் கடத்திவிட்டார்கள். மகள் பதவி விலக வேண்டும் என்று கடத்தியவர்கள் கேட்டதாக அவரே பின்னர் சொன்னார். ஐந்து நாளில் தாய் மீண்டார். மகள் ராஜினாமா செய்யவில்லை. 2015 வரை அமைச்சராக இருந்தார்.

இந்தப் பகுதியையும் உங்கள் இதழ் ஒருமுறை விரிவாக எழுதலாம்.

– ஒரு வாசகி, திருச்சி