தேய்ந்த மரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேடை வித்தைக்காரர்கள் இருவரின் பகையைச் சொல்லும் ‘தி பிரஸ்டீஜ்’ (2006) படம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முடிவை உடைக்காமல் எழுதியதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. கூடவே, ‘வித்தைகளின் நுட்பமெல்லாம் அலங்காரம், பகைதான் கதை’ என்றும் ஒரு வரி. பிழையைத் திருத்தப் போனால் அந்த வரியும் நிற்காது.

சுங் லிங் சூவைச் சீனாவின் புகழ்பெற்ற வித்தைக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். படத்திலும் சீனராகத்தான் வருகிறார். நிஜத்தில் அவர் வில்லியம் எல்ஸ்வொர்த் ராபின்சன் என்ற அமெரிக்கர். அசல் சீனர் சிங் லிங் ஃபூ. அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்த ஃபூ, வெறும் விரிப்பிலிருந்து நீர் நிரம்பிய கிண்ணத்தை வரவழைக்கும் தன் வித்தையைச் செய்துகாட்டுபவருக்கு 1000 டாலர் என்று அறிவித்தார். ராபின்சன் முன்வந்தார், ஆனால் அவரைச் செய்யவே விடவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் தலையை மழித்து, பின்னல் வைத்து, சீன அங்கி போட்டு, ஃபூவின் பெயரைப் போலவே ஒலிக்கும் பெயரோடு 1900இல் ஐரோப்பிய மேடைகளில் ஏறினார். 1905இல் இருவரும் ஒரே சமயத்தில் லண்டனில் ஆடினார்கள். யார் அசல் என்று நேருக்கு நேர் பார்த்துவிடலாம் என்று ஃபூ சவால் விட்டார், குறித்த நாளில் அவரே வரவில்லை. இந்தப் பகைக்கு வித்து ஒரு கிண்ணம் என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் கிண்ணம் எப்படி வருகிறது? நீர் நிரம்பிய கிண்ணத்தை இடுப்புப் பட்டையில் மாட்டி, இரண்டு தொடைக்கும் நடுவே, நீண்ட அங்கிக்குள் தொங்கவிட்டுக்கொண்டே மேடைக்கு வர வேண்டும். கிண்ணத்தின் வாயை நீர் ஒட்டாத துணியாலோ ரப்பராலோ மூடியிருப்பார்கள். விரிப்பைத் தரையில் போடும் சாக்கில் குனிந்து, கொக்கியைக் கழற்றி, கிண்ணத்தை இறக்கி, விரிப்பை உருவும்போது மூடியையும் அதோடு உருவிவிடுவார்கள். 40 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. ஆழமும் உள்ள கிண்ணம் என்றால், அடிக்குழிவைக் கழித்தாலும் 11 லிட்டருக்குக் குறையாது. தண்ணீர் மட்டுமே 11 கிலோ, பீங்கான் எடை தனி. அரைகுறையாக நிரப்பினால் நடக்கும்போது அலம்பி மூடியைத் தள்ளும். அதனால் விளிம்பு வரை நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் மூடியைப் படிய வைக்க வேண்டும். படத்தில் கிழவராக வரும் சூ தெருவிலும் கால் அகட்டித் தள்ளாடி நடப்பதற்குக் காரணம் இதுதான். மேடையில் மட்டும் அப்படி நடந்தால் எல்லோருக்கும் சந்தேகம் வரும். எங்கும் அப்படியே நடந்தால் வயோதிகம் என்று விட்டுவிடுவார்கள். அந்த நடையை ரசித்து எழுதிய உங்கள் கட்டுரையாளர், தொடைக்கு நடுவே என்ன தொங்குகிறது என்பதை விட்டுவிட்டார்.

அடுத்து துப்பாக்கி, அதாவது தன்மேல் சுட்ட தோட்டாவைத் தட்டில் பிடித்துக்காட்டும் வித்தை. சூ 1918 மார்ச் 23 அன்று லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கில் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். பகையாளி யாரும் சுடவில்லை. தன் உதவியாளர் கையில் அவரே கொடுத்த துப்பாக்கிதான்.

அது குழாயின் வாய்வழியாக வெடிமருந்தைப் போட்டுக் கம்பியால் கிட்டிக்கும் (குத்தி இறுக்கும்) பழைய ரகம். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு அமைப்பு உடனே பிடிபடும். மேலே சுடும் குழாய், அதன் கீழே கிட்டிக்கும் கம்பியைச் செருகி வைக்க ஒரு சின்னக் குழாய். சூ அந்தக் கீழ்க்குழாயை ரகசியமாக இன்னொரு வெடிக்குழாயாக மாற்றியிருந்தார். பார்வையாளர்கள் குறியிட்ட தோட்டா கைமாறி அவரிடம் போய்விடும். வேறொரு தோட்டா, எல்லோரும் பார்க்க, கரிமருந்தோடு மேல்குழாயில் இறங்கும். விசையை இழுத்ததும் கேப்பில் (அடிபட்டால் நெருப்புத் தெறிக்கும் சின்ன மூடி) பிறக்கும் நெருப்பு மேல்குழாய்க்குப் போகாமல் கீழ்க்குழாய்க்குத் திரும்பும். அங்கே வெறும் மருந்து மட்டும் வெடித்துச் சத்தமும் புகையும் வரும். தோட்டா மேல்குழாயிலேயே உட்கார்ந்திருக்கும். அவர் கையிலிருக்கும் தட்டில், ஏற்கெனவே ஒளித்த குறியிட்ட தோட்டா ‘டிங்’ என்று விழும்.

கோளாறு ஆட்டம் முடிந்த பிறகு நடந்த வேலையில் இருந்தது. மேல்குழாயில் மிஞ்சிய தோட்டாவையும் மருந்தையும் வெளியே எடுக்க வேண்டுமே? பத்திரமான இடத்தில் சுட்டுத் தீர்க்கலாம், அல்லது திருகுமுனைக் கம்பியை வாய்வழியே விட்டு இழுக்கலாம். சூ இரண்டையும் செய்யாமல், ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் குழாயின் பின்பக்க மரை அடைப்பைத் திருகிக் கழற்றி எடுத்து வந்தார். கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் மரை கொஞ்சம் தேயும். தேய்ந்த இடைவெளியில் மாவு போன்ற மருந்துத் துகள் புகுந்து படியும். வருஷக்கணக்கில் அது இரண்டு குழாய்களுக்கும் நடுவே நெருப்பு போக ஒரு பாதையாகிவிட்டது. அன்றைக்குக் கீழே வெடித்த நெருப்பு அந்தப் பாதை வழியே மேலே ஏறி, அசல் தோட்டாவின் பின்னால் இருந்த மருந்தைப் பற்றவைத்தது. விசாரணையில் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்து விளக்கியவர் ராபர்ட் சர்ச்சில் என்ற நிபுணர். விபத்து மரணம் என்று தீர்ப்பாயிற்று. மேடையில் சீனராகவே இருந்து ஆங்கிலமே பேசாத மனிதர், அன்று அடிபட்டதும் திரையை இறக்கச் சொன்னது ஆங்கிலத்தில்.

படத்தில் வரும் முறை வேறு. தோட்டாவைப் போட்டதுபோல் காட்டி, கிட்டிக்கும்போதே வெளியே எடுத்துவிடுவார்கள். சுடும்போது குழாய்க்குள் ஒன்றும் இருக்காது. இந்த முறையில் மரை தேயும் ஆபத்து கிடையாது, ஆனால் வேறோர் ஓட்டை இருக்கிறது. மேடைக்கு அழைத்த பார்வையாளர் சும்மா ஒரு பட்டனைக் குழாயில் போட்டால் போதும், அதுவே தோட்டா. கதையில் பகையாளி நுழைவது அந்த ஓட்டை வழியாகத்தான், வித்தை செய்பவரின் இரண்டு விரல்கள் போகின்றன. வித்தையின் அமைப்பை வேறு மாதிரி வைத்திருந்தால் அந்தக் காட்சியே கிடையாது. நுட்பத்தை அலங்காரம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

படத்தில், கைகளைக் கட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட, முடிச்சை அவிழ்த்து வெளியே வரும் வித்தைக்கும் இது பொருந்தும். பருத்திக் கயிறோ சணல் கயிறோ, நனைந்தால் நார் உப்பும். தடிமன் கூடும், நீளம் குறையும், முடிச்சு இறுகும். கிணற்றில் நீர் இறைத்த கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். காய்ந்த கயிற்றில் சொடுக்கினால் அவிழும் உருவாஞ்சுருக்கு, ஊறிய கயிற்றில் நகம் போட்டாலும் நகராது. ஆகவே ஒத்திகையை நனைந்த கயிற்றில்தான் பார்க்க வேண்டும். எந்த முடிச்சைப் போட்டாய் என்ற ஒரே கேள்வி படம் முழுக்கத் துரத்துவது இதனால்தான். தொட்டியின் எடையையும் யாரும் நினைப்பதில்லை. 70 செ.மீ. நீள அகலத்தில் ஒன்றரை மீட்டர் உயரம் நிரப்பினால் 735 லிட்டர், அதாவது முக்கால் டன். கண்ணாடியும் இரும்புச் சட்டமும் தனி. அடியில் வெற்றிடம் உள்ள பலகை மேடைகளில் இதைத் தூக்கி வைக்க நினைக்கும் நாடகக் குழுக்கள் முதலில் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும்.

பறவையோடு கூண்டை மறையவைக்கும் வித்தை பற்றிச் சுருக்கமாக. பிரெஞ்சு வித்தைக்காரர் பூவாத்தியே த கோல்தாவின் 1870களின் கூண்டில் மூலைகளெல்லாம் வளையும். நூலை இழுத்ததும் கோணலாக மடிந்து கோட்டுக் கைக்குள் ஓடும். பறவை சாகிறது என்ற புகார் வலுத்ததால், 1921இல் கார்ல் ஹெர்ட்ஸ் என்ற வித்தைக்காரர் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் உயிருள்ள பறவையோடு செய்துகாட்டினார். படத்தில் மேஜைக்குள் நசுங்கும் கூண்டு கதைக்காகக் கொடூரமாக்கப்பட்டது.

இப்படியொரு படம் எடுக்க நம் ஊரில் வேர் இல்லை என்று கட்டுரை முடிகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1830 வாக்கில் இதே மதராஸில், ஆங்கிலப் பதிவுகள் ‘சேஷல்’ என்று குறிக்கும் பிராமணர் ஒருவர் அந்தரத்தில் சம்மணமிட்டு அமர்ந்து காட்டினார். நாலு கால் வைத்த ஒரு பலகை, அதில் பித்தளைப் பொருத்து, பொருத்தில் ஒரு மூங்கில், மூங்கிலின் மேல் தோல் சுற்றிய கைதாங்கி. கை அதன்மேல் லேசாகப் படிந்திருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் முன்னால் கம்பளி பிடிப்பார்கள். மூங்கிலுக்குள் இரும்புக் கம்பி, அங்கிக் கைக்குள் அது வளைந்து, உடைக்குள் ஓர் இருக்கை. இவ்வளவுதான், ஆனால் செய்வது சுலபமல்ல. 5 செ.மீ. ஆழப் பொருத்தில் 1 மி.மீ. தொளதொளப்பு இருந்தால், 120 செ.மீ. உயரத்தில் ஆள் ஏறக்குறைய இரண்டரை செ.மீ. ஆடுவார். அந்தரத்தில் இருப்பவர் ஆடினால் வித்தை போயிற்று. பாரிஸில் ரொபேர் ஊதேன் என்ற வித்தைக்காரர் தன் மகனை ஒற்றைக் கம்பில் படுக்கவைத்துப் பேர் வாங்கியது 1847இல். சேஷல் அதற்கு முந்தியவர். வாள் விழுங்கியும் பந்து வீசிப் பிடித்தும் லண்டனை அசத்திய, ஆங்கிலேயர் ‘ராமோ சாமி’ என்று எழுதிய ராமசாமியும் தென்னிந்தியாவிலிருந்து போனவர்தான். 1850இல் லண்டனிலேயே இறந்தார், அடக்கம் செய்யக்கூடப் பணமில்லை. பிற்காலத்தில் இதே சென்னையில் ஆர்.எஸ்.மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் நாடகங்களுக்கு மக்கள் போனதில் ட்ரிக் சீன்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காட்சிகளுக்குக் கீலும் கப்பியும் கம்பியும் செய்துகொடுத்த பட்டறைக்காரர்களிலும், பின்னால் நின்று கயிறு இழுத்தவர்களிலும் இன்றும் இருப்பவர்களைத் தேடிப் பிடித்துத் தங்கள் இதழ் பேட்டி எடுக்க வேண்டும். எந்தக் கயிறு, எத்தனை பேர், எங்கே அறுந்தது, அறுந்த இரவில் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டு, படம் வரைந்து வெளியிடுங்கள். சூ பற்றிய திருத்தத்தை அடுத்த இதழிலேயே போட்டுவிடவும்.

இப்படிக்கு,
மேடை வித்தை ஆர்வலர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.