11ஆம் காதை எங்கே?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய ஒடிசி என்ற கிரேக்கக் காவியத்தின் மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்தது. நடை அருமை. இரண்டு பேரிடம் வாசித்துக் காட்டினேன். பெரியப்பா வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்தது. வேளைக்குச் சாப்பிடு.

10ஆம் காதையில் சூனியக்காரி கிர்க்கே ஒடிசியஸுக்குச் சொல்லித்தரும், இறந்தவர்களுக்கான படையலைத் திருத்த வேண்டும். தினைமாவு நினைப்பில் மாவையும் தேனையும் பிசைந்துவிட்டாய். அங்கே பிசைவதே கிடையாது. நீளமும் அகலமும் ஒரு முழமாகக் குழி. முதலில் தேன் கலந்த பால், அடுத்து மது, மூன்றாவது தண்ணீர். மேலே வெள்ளைப் பார்லி மாவைத் தூவ வேண்டும். வேண்டுதல் முடிந்த பிறகுதான் கடாவும் கறுப்புப் பெண்ணாடும். ஆட்டின் தலை இருளுலகைப் பார்த்து, அறுக்கிறவன் முகம் மறுபக்கம். வரிசை மாறக் கூடாது.

காற்றுகளை அடைத்த பை வரும் இடத்தில் 9 வயது மாட்டுத் தோல், வெள்ளிக் கயிறு எல்லாம் சரி. ஆனால் பையை அவிழ்த்த பழியை முழுக்கத் தோழர்கள் பேராசையின் மேல் போட்டிருக்கிறாய். 9 நாளும் பாய்க்கயிற்றை யார் கையிலும் கொடுக்காமல் பிடித்திருந்த ஒடிசியஸ், 10ஆம் நாள் ஊர்க்கரை நெருப்பு கண்ணுக்குத் தெரியும்போது அசந்து தூங்கிவிட்டான். பையில் இருப்பது காற்று என்று அவர்களுக்குத் தெரியாது.

உடனே 12ஆம் காதை வருகிறது. 11 எங்கே தம்பி? அது இல்லாமல் 12 நிற்காது. செத்துப்போன தோழன் எல்பெனோரைத் தகனம் செய்ய ஏன் திரும்பினார்கள், சூரியனின் மாடுகளை ஏன் தொடக் கூடாது, எல்லாம் முதலில் 11இல்தான் வருகிறது. வேலை அதிகமோ? போன் எடுக்க முடியாத அளவுக்கா?

அந்தக் காதையில் ஒடிசியஸின் இறந்துபோன தாய் அண்டிக்ளேயா, நோய் என்னைக் கொல்லவில்லை, உன்னை நினைத்த ஏக்கம்தான் கொன்றது என்று மகனிடம் சொல்கிறாள். உன் அம்மா ஏக்கத்தில் போகவில்லை, தம்பி. நோய்தான். ஆறு மாதமாக எனக்குத் தெரியும். உன் பரீட்சை முடியட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் வாயையும் அடைத்தேன். கயிற்றை ஒருவரிடமும் கொடுக்காமல் பிடித்திருந்தது நான். உன்மேல் குற்றமே இல்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

ஒடிசியஸின் அப்பா லாயெர்டெஸ் குளிர்காலத்தில் அடுப்புச் சாம்பலில் படுக்கிறான் என்று வரும். அதைப் படித்து என்னை நினைக்காதே. நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

காதை முழுவதும் இப்போது வேண்டாம். 84 முதல் 89 வரை ஆறே வரி. டிராய்ப் போருக்குப் போகும்போது உயிரோடு விட்டுப்போன தாயைக் குழிக்கரையில் பார்க்கிறான். அழுகிறான். ஆனாலும் இறந்துபோன குறிசொல்லி டெய்ரேசியாஸ் பேசி முடியும்வரை அவளை ஆட்டு ரத்தத்தின் பக்கம் விடுவதில்லை. குடித்தால்தான் அவளுக்கு மகனை அடையாளம் தெரியும். அந்த ஆறு வரியை மட்டும் எழுதி அனுப்பு. எப்போது முடிகிறதோ அப்போது.

அன்புடன்,
அப்பா