நிராகரிப்புக் கடிதம் வந்த பின்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் பகுதியில் சமாதான நீதவானாகப் பணியாற்றி வரும் எனக்கு, வெளிநாட்டில் வாழும் கணவரிடமோ மனைவியிடமோ செல்ல விண்ணப்பிப்பவர்களின் ஆவணங்களை உறுதிப்படுத்திக் கொடுக்கும் வேலை அடிக்கடி வருவதுண்டு. அவர்களில் பலர் விசா ஒருமுறை மறுக்கப்பட்ட பின்னரே வருகின்றார்கள். வரும்போதே மறு விண்ணப்பத்துக்கான கடதாசிகளை முகவர் தயாரித்துக் கொடுத்திருப்பார். எதற்காக மறுத்தார்கள் என்று கேட்டால், கடிதம் முகவரிடம் இருப்பதாகச் சொல்வார்கள். மறு விண்ணப்பமா, மேன்முறையீடா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அந்தக் கடிதம்தான் என்பதை எடுத்துச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

கனடாவைப் பொறுத்தவரை, மேன்முறையீட்டு உரிமை இங்கிருப்பவருக்கு இல்லை. அங்கிருந்து பொறுப்பேற்று ஸ்பொன்சர் செய்தவருக்கே உண்டு. வெளிநாட்டிலிருந்து குடும்பப் பிரிவில் செய்த விண்ணப்பம் மறுக்கப்பட்டால், காரணங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அங்குள்ள கணவரோ மனைவியோ, குடிவரவு மற்றும் அகதிகள் சபையின் மேன்முறையீட்டுப் பிரிவில் மனுச் செய்ய வேண்டும். அங்கே வேலை நெருக்கடி, இங்கே முகவரின் ஆறுதல் வார்த்தை என்று அந்த 30 நாட்களும் வீணாய்ப் போவதுதான் பெரும் சோகம். கடிதத்தில் சில வரிகள் மட்டுமே இருந்தால், அதிகாரி கோப்பில் எழுதிவைத்த குறிப்புகளைக் கனடாவில் இருப்பவர் அந்நாட்டுத் தகவலறியும் சட்டத்தின்கீழ் 5 டொலர் கட்டிக் கோரிப் பெறலாம். எந்தப் பதில் சந்தேகத்தைக் கிளப்பியது என்பது பெரும்பாலும் அக்குறிப்புகளில்தான் தெரியவரும்.

மேன்முறையீட்டில் அதிகாரியிடம் முன்பு கொடுக்காத சான்றுகளையும், மறுப்புக்குப் பின் உண்டான சான்றுகளையும் முன்வைக்கலாம். இங்குள்ள துணையும் தொலைபேசி அல்லது காணொளி மூலம் சாட்சியமளிக்கலாம். இதற்குப் பல மாதங்கள் செல்லும். ஓராண்டைக் கடப்பதும் உண்டு. வென்றாலும் மறுநாளே விசா கைக்கு வந்துவிடாது. கோப்பு மீண்டும் விசா அலுவலகத்துக்குப் போகும். பொதுவாக 12 மாதங்களே செல்லுபடியாகும் மருத்துவப் பரிசோதனையையும், பல வேளைகளில் பொலிஸ் சான்றிதழையும் புதிதாக எடுக்கச் சொல்வார்கள். தோற்றால் சமஷ்டி நீதிமன்றத்தின் அனுமதி கோரி 15 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நீதிமன்றமும் தீர்ப்பில் தவறு உண்டா என்று பார்க்குமே தவிர, திருமணத்தை முதலிலிருந்து விசாரிக்காது. அதன்பின் அதே சான்றுகளோடு மீண்டும் விண்ணப்பித்து, மீண்டும் மேன்முறையீட்டுக்குப் போனால், ஏற்கெனவே தீர்க்கப்பட்ட விடயம் என்று முழு விசாரணை இல்லாமலே தள்ளிவிட இடமுண்டு. ஆகவே முதல் மேன்முறையீட்டையே முழு ஆயத்தத்தோடு செய்ய வேண்டும்.

மறுப்புக்கு அடிக்கடி கூறப்படும் காரணம் திருமணம் உண்மையானதல்ல, அல்லது குடியேறும் நோக்கத்துக்காகவே செய்யப்பட்டது என்பதாகும். கனடியச் சட்டத்தில் இவ்விரண்டில் ஒன்று இருந்தாலே மறுக்கலாம். பேசிச் செய்த கல்யாணம் என்பதற்காக எவரும் மறுப்பதில்லை. ஆனால் நம் பகுதியில் கோயிலில் தாலி கட்டுவது ஒரு நாள், பதிவாளரிடம் கையெழுத்திடுவது வேறொரு நாள். எப்போது திருமணம் என்று கேட்டால் மனைவி தாலி கட்டிய நாளைச் சொல்வார். கணவர் படிவத்தில் பதிவு நாளை எழுதியிருப்பார். இரண்டும் உண்மையே, ஆனால் அதிகாரியின் கண்ணுக்கு அது முரண்பாடு. கணவர் மாதாமாதம் அனுப்பும் பணம், வங்கிக்கு வெளியே ஆள்வழி கைமாற்றும் உண்டியல் முறையில் வந்திருந்தால் வங்கிப் பற்றுச்சீட்டு ஒன்றும் இருக்காது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் ஒரே கைப்பேசியை வீட்டார் எல்லோரும் பாவித்து, அதுவும் பழுதானதும் எறிந்துவிட்டால், இருவரும் பேசிக்கொண்டதற்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் தகப்பன் பெயர் இருப்பது தோட்டத்தில் பிறந்த பலருக்கும் உள்ள குறைபாடு. அதற்கு என்னிடம் சத்தியக் கடதாசி கேட்டு வருபவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கின்றேன். ஆனால் அது விளக்கம் மட்டுமே. பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழையே திருத்திக்கொள்வதுதான் முறை.

பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கு மேன்முறையீடு செய்பவர் இங்குள்ள விண்ணப்பதாரரே. மனித உரிமை அடிப்படையில் தீர்ப்பாயத்துக்குச் செல்ல அவருக்கு 28 நாட்கள் உண்டு. ஆனால் 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு விதிக்கப்பட்ட ஆண்டுக்கு 29,000 பவுண் என்ற வருமான வரம்பை அங்குள்ள துணை எட்டாததால் மறுக்கப்பட்டிருந்தால், வாதாடிக்கொண்டிருப்பதை விட, வருமானம் உயர்ந்த பின் சம்பளச் சீட்டுகளைச் சேர்த்துப் புதிதாக விண்ணப்பிப்பதே மேல் என்பது என் கருத்து. விண்ணப்பக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. சுகாதாரத்துக்கெனக் கட்டிய மேலதிகக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அது பணம் கட்டிய அட்டைக்கே போய்ச் சேரும் என்பதால், முகவரின் அட்டையில் கட்டியவர்கள் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் தூதரக அதிகாரியின் மறுப்பை நீதிமன்றங்கள் பொதுவாக ஆராய்வதில்லை. 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. கடதாசி குறைவு என்று நிறுத்திவைத்தால் மட்டும் ஓராண்டுக்குள் அதைக் கொடுக்கலாம்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் முன்னைய மறுப்பை மறைக்கக் கூடாது. எந்த நாட்டிலேனும் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி அநேகமாக எல்லாப் படிவங்களிலும் வரும். இல்லை என்று போடச் சொல்லும் முகவர்கள் இங்கே இருக்கின்றார்கள். பொய்த் தகவல் கொடுத்ததாகக் கனடா முடிவு செய்தால் 5 ஆண்டுகளுக்கு உள்ளே செல்லத் தடை. திருத்தியிருக்கக்கூடிய மறுப்பு ஒன்று இப்படித்தான் தடையாக மாறுகின்றது. கனடாவுக்கான விண்ணப்பத்தைப் பணம் வாங்கிக்கொண்டு கையாள்பவர் அந்நாட்டு வழக்கறிஞர் சங்கம் ஒன்றிலோ, குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும், கல்லூரி எனப்படும் அமைப்பிலோ பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்; பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். விண்ணப்பத்தில் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரியும் தம்முடையதாகவே இருக்கட்டும். தோட்டக் காரியாலயத்துக்கு வரும் தபாலுக்குக் காத்திருந்த காலம் போய், இப்போது முகவரின் மின்னஞ்சலுக்குக் காத்திருக்கின்றோம்.

காத்திருக்கும் காலத்தில் வேலையை விட வேண்டாம் என்று என்னிடம் வரும் பெண்களிடம் கூறி வருகின்றேன். விசா நிச்சயம் என்று நம்பிப் பாலர் பாடசாலை வேலையைக் கைவிட்டு, பிறகு தாய் வீட்டில் அயலவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது கொடுமை. கணவர் விடுமுறையில் வந்து சில வாரங்கள் கூட இருந்துவிட்டுப் போவது மனதுக்கு ஆறுதல். மேன்முறையீட்டில் அதுவே வலுவான சான்றாகவும் அமையும்.

மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகிறவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பயிற்சி கொடுத்து அனுப்புகின்றது. மனைவியாகப் போகிறவருக்கு முகவர்களின் விளம்பரப் பலகைகளைத் தவிர வேறு வழிகாட்டல் இல்லை. நீதிமன்றங்களை அண்டி இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைகள் மாதத்தில் ஒரு நாளையாவது ஒதுக்கி, மறுப்புக் கடிதங்களைத் தமிழில் வாசித்து விளக்கி, கடைசி நாள் எது என்று குறித்துக் கொடுக்க முன்வர வேண்டும் என்று தங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கின்றேன்.

இவ்வண்ணம்,
சமாதான நீதவான் ஒருவர்,
ஹட்டன்.