மண்டபத்தில் நின்ற ரயில்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் எழுது, ஒரு வாரம் முன்னாடியே வந்துவிடுகிறோம்.

போன வாரம் அம்மாவின் திதிக்காக அக்காவுடன் ராமேஸ்வரம் போயிருந்தேன். மதுரையில் ஏறிய காலை வண்டி மண்டபம் வரை சரியான நேரத்துக்குத்தான் வந்தது. அங்கே நின்றதுதான், நகரவில்லை. பாம்பன் கடல் பாலத்தில் காற்று பலமாக இருக்கிறது, சிக்னல் கிடைக்கவில்லை என்றார்கள். ஆடி மாதமல்லவா, ஜன்னலைத் தூக்கினால் முகத்தில் மணல் அறைகிறது.

மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் தானாகச் சிவப்பு விழுந்துவிடும் என்று சிக்னல் பிரிவில் இருந்த காலத்தில் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. எதிரே இருந்த பையனுக்குத்தான் பொறுக்கவில்லை. 2025 ஏப்ரலில் திறந்த பாலம், 550 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, இதற்கும் காற்று என்றால் பயமா என்று பொருமினான். பாதிப் பெட்டி இறங்கி, சாலைப் பாலம் வழியாகப் போக பஸ் பிடிக்க ஓடியது. அக்காவின் கால் இருக்கிற நிலைமையில் மூட்டையோடு எங்கே ஓட? உட்கார்ந்திருந்தோம். எனக்கோ திதி தவறிவிடுமோ என்று வயிற்றைக் கலக்கியது. சாஸ்திரிகளுக்குப் போன் போட்டேன். “சிராத்தத்துக்கு அபராஹ்ன காலம்தானே முக்கியம், மத்தியானத்துக்கு மேல் வந்தாலும் போதும், பதறாதீங்கோ” என்றார். அந்த ஒரு வார்த்தையில் உயிர் வந்தது.

அதன் பிறகுதான் பக்கத்திலிருந்த பெரியவரோடு பேச முடிந்தது. தங்கச்சிமடத்துக்காரர். பிறந்தது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் வண்டியைப் புயலில் கடல் கொண்டுபோனபோது அவர் சின்னப் பையன். நூறு பேருக்கு மேல் போனார்கள், ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்தப் புயலில் உடைந்த பழைய பாம்பன் பாலத்தை ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாளில் நிமிர்த்தியதை நீ எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். பெரியவர் பாலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் பையனைப் பார்த்து, “வண்டி நின்னா நிக்கட்டும் தம்பி. நிக்காமப் போன வண்டிக்குத்தான் எங்க ஊர்ல அழுதாங்க” என்றார். அதற்கப்புறம் அவன் வாயைத் திறக்கவில்லை. அக்கா புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தாள்.

“ராமநாதசுவாமிதான் நம்மளை இங்க உட்கார வச்சிருக்கார்” என்றாள் அக்கா. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு, சண்முகம். ஆனால் சாமி அன்று எந்த உருவத்தில் வந்தார் என்று கேட்டால், காற்றை அளக்கிற அந்தக் கருவியைத்தான் காட்டுவேன். யார் போய்ச் சத்தம் போட்டாலும் கோபப்படாமல் “இன்னும் உத்தரவு வரலைங்க” என்று சொல்லிக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டரைக் காட்டுவேன். முன்பின் தெரியாத நம் உயிரை இப்படி யாரோ காத்துக்கொண்டே இருக்கிறார்கள். நீயும் முப்பது வருஷத்துக்கு மேல் அதைத்தான் செய்தாய். அதற்காக உனக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

காற்று தணிந்து வண்டி பாலம் ஏறி, திதியும் நல்லபடியாக முடிந்தது. கடைசியில், எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லாமல் போனவர்களுக்கும் சேர்த்து விடச் சொல்வார்களே, வழக்கமாக அந்த இடத்தில் எனக்கு யார் முகமும் தோன்றாது. இந்தத் தடவை அந்தப் பாசஞ்சர் வண்டியில் இருந்தவர்களை நினைத்து விட்டேன். பெயர் தெரியாதே என்றேன். தெரியவேண்டாம், அவர்களுக்குப் போய்ச் சேரும் என்றார் சாஸ்திரிகள்.

ஒரு சந்தேகம். காற்று குறைந்த உடனே பச்சை விழுந்துவிடுமா, இல்லை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் விடுவார்களா? அக்கா கேட்கச் சொன்னாள். கல்யாணத் தேதியோடு அதையும் எழுது.

அன்புடன்,
ராஜு