வகுப்பறைப் பூச்சாடியில் நிற்பது என்ன செடி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வகுப்பறையைப் பசுமையாக்குகிறோம் என்று எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் யன்னலுக்கு யன்னல் பூச்சாடி வைக்கிறார்கள். நல்ல விசயம்தான், வன்னி வெயிலுக்குப் பச்சையைக் கண்டாலே கண் குளிரும். ஆனால் என்ன செடி என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. போன கிழமை மகளின் தரம் 2 வகுப்பில் எட்டிப் பார்த்தால், அகன்ற பச்சை இலையில் வெள்ளைத் தெறிப்பு, கணுக்கணுவாகத் தடித்த தண்டு, டிபன்பேக்கியாவேதான், அதுவும் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல் வைக்கிற மேசையில்! இலையைக் கடித்தால் அதிலுள்ள கல்சியம் ஒக்சலேற் ஊசிகள் குத்தி நாக்கு எரிந்து வீங்கிவிடும், பேச்சே வராது.

எண்ணப் பழக்க ஒரு சிரட்டை குண்டுமணி வேறு. முழுதாக விழுங்கினால் கோது கடினம் என்பதால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், ஆனால் சப்பினாலோ மாலை கோர்க்கத் துளைத்த மணியாக இருந்தாலோ உள்ளே இருக்கிற அப்ரின் என்ற நஞ்சு ஆளையே கொல்லக்கூடியது. புளியங்கொட்டைக்கு வன்னியில் என்ன பஞ்சம்?

வேலியில் மஞ்சள் அலரி. ஆடு மாடு கடிக்காது என்று நட்டிருக்கிறார்கள், சரி, ஏன் கடிக்காது என்று யோசித்தார்களா?

அப்புறம் கார்த்திகைப் பூ. அதில் எங்களுக்குள்ள பற்று வேறு கதை. மழை தொடங்கினால் பற்றைக்குள் பூத்துக் கிடக்கும், பிள்ளைகள் பிடுங்கிவந்து ரீச்சரின் மேசையில் வைப்பார்கள். பூவைப் பார்க்கட்டும், நான் பயப்படுவது கிழங்குக்கு. வத்தாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இந்த நாட்டில் உண்டு. அதிலுள்ள கொல்கிசின் என்ற நஞ்சு உடனே காட்டாது, வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கச் சில மணித்தியாலம் ஆகும், அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கும், என்னத்தைத் தின்றது என்று தாய்க்கு எப்படித் தெரியும்?

எல்லாவற்றையும் வெட்டி எறியச் சொல்லவில்லை. சின்ன வகுப்புகளில் துளசி, கற்பூரவள்ளி வைக்கலாம். ஒவ்வொரு சாடியிலும் பெயரை எழுதி ஒட்டினால் போதும், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பதே அதைத்தான். ஒரு பிள்ளை எதையாவது தின்றுவிட்டால், வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணியோ சவர்க்காரத் தண்ணியோ பருக்காமல், கடித்த மிச்சத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். உள்கிராமங்களில் இருந்து ஆஸ்பத்திரி கிட்டடியில் இல்லை என்பது அதிபர்மாருக்குத் தெரியாததல்ல.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்தச் சாடியைப் பற்றிக் கேட்கத்தான் போகிறேன். மற்றப் பெற்றோரும் தங்கள் பிள்ளைகளின் வகுப்பை ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.

ஒரு தகப்பன்,
முல்லைத்தீவு மாவட்டம்