எச்.ஐ.வி. இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் அக்கா மகனுக்கு 22 வயது. வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். எங்களுக்குத் தெரியவந்தபோது ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. ஒரு மையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்தோம், எச்.ஐ.வி. இல்லை என்றார்கள், அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். எட்டு மாதம் கழித்து வேறு எதற்கோ எடுத்த சோதனையில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி இருப்பதாக வந்தது. அந்த முதல் நாளிலேயே பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லவும் இல்லை.

போதை ஊசி என்றாலே எச்.ஐ.வி.யை மட்டும் எண்ணுகிறோம். அது குறைவாக இருக்கும் ஊரில் பயமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த நினைப்புதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மணிப்பூரைப் பாருங்கள். மியான்மர் எல்லையில் மோரே வழியாக ஹெராயின் வந்தது, ஊசி கை மாறியது. 1989 வரைக்கும் ஊசி போடுபவர்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. தென்படவில்லை. ஒரு வருடத்துக்குள் சோதித்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வந்துவிட்டது. பல வருடங்கள் கழித்து 15 இந்திய நகரங்களில் போதை ஊசி போடும் 14,481 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு நகரத்தில் எச்.ஐ.வி. 6 சதவீதம், இன்னொன்றில் 45 சதவீதத்தை ஒட்டி. ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு மாறுகிறது என்றால், எந்தப் போதைப்பொருள் எந்த வழியில் வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை போடுகிறார்கள், புது ஊசி கிடைக்கிறதா, கிருமி எப்போது அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தது, எல்லாம் சேர்ந்துதான். இதில் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி.யைவிட மிகச் சுலபமாக ஊசி வழியே தொற்றும். சிரிஞ்சை மாற்றினாலும், மாத்திரை கரைத்த மூடியும் தண்ணீரும் பஞ்சும் பொதுவாக இருந்தால் போதும். ஆக, இளைஞர்களிடம் ஹெபடைடிஸ் சி இருக்கிற ஊரில் இவை கை மாறிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். எச்.ஐ.வி. அங்கே இன்னும் வந்துசேரவில்லை, அவ்வளவுதான். வழி ஏற்கெனவே திறந்து கிடக்கிறது.

நாட்டிலேயே முதலில், 1994-ல், தொடங்கிய சங்கம் உங்களுடையது. எச்.ஐ.வி. சோதனை மையத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர் வைத்து, பயந்துபோய் வருபவர்களைப் பெயர் கெடாமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள். அந்த உரிமையில் கேட்கிறேன். ஊசி போட்டேன் என்று ஒரு பையன் வாய் திறந்து சொன்னால், எச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் அன்றே பாருங்கள். பி இல்லையென்றால் அங்கேயே தடுப்பூசி போட்டு அனுப்புங்கள். சி-க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் 2018 முதல் தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம், பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். குணமானவன் மறுபடி பழைய சிரிஞ்சுக்குப் போனால் மறுபடி வரும், அதனால் புது ஊசியும், போதை ஊசிக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரை என்கிற மாற்று சிகிச்சையும் கூடவே வேண்டும்.

அப்புறம் மாநில சராசரி என்று ஒற்றை எண்ணைக் காட்டாதீர்கள். மாவட்டம் மாவட்டமாக, சி-யையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இன்னொன்று போலீஸ். எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் கொடுக்கும் சுத்தமான ஊசியை வைத்திருப்பது குற்றமில்லை என்று 2017 எச்.ஐ.வி. சட்டத்தின் 22-வது பிரிவே சொல்கிறது. காவல் நிலையங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பையில் சிரிஞ்சு இருந்தால் பிடிப்பார்கள் என்று பயந்துதான் ஊசி போடும் பையன்கள் கையில் வைத்துக்கொள்வதில்லை, போடும் இடத்தில் கிடப்பதை எடுக்கிறார்கள். இதை என் மருமகன் வாயாலேயே கேட்டேன்.

அவன் இப்போது ஹெபடைடிஸ் சி-க்கு மாத்திரை சாப்பிடுகிறான், ஆறாவது வாரம். அவனோடு சேர்ந்து போட்டவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். போலீஸ் வராது என்று யாராவது உறுதி சொன்னால் சோதனைக்குக் கூட்டிவருகிறேன் என்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?